ஜப்பானியப் பாடல் பட்டியலில் தேடுவதும் அடுக்குவதும்: தலைப்பின் முதல் ஒலியிலிருந்து ஒரு வழிகாட்டி

1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்த ஜப்பானியப் பாடலை உலகம் ‘சுகியாகி’ என்ற பெயரில் அறியும். ஜப்பானில் அச்சான பாட்டுப் புத்தகத்தின் பின்பக்கப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. சுகியாகி என்பது மாட்டிறைச்சிக் குழம்பு. வெளிநாட்டு விற்பனைக்காக வைத்த பெயர். ஸகமொதோ க்யூ 1961இல் பாடியபோது அதன் தலைப்பு ‘உஎ ஒ முஇதெ அருகோ’, அதாவது ‘மேலே பார்த்தபடி நடப்போம்’. ஆகவே அது ஸு பகுதியில் இல்லை, உ பகுதியில் இருக்கிறது.

புதிதாகத் தேட வருபவர் வழி தவறுவது பெரும்பாலும் இப்படித்தான். வரிசை கடினமானதல்ல. தமிழ் அகரவரிசை தெரிந்தவருக்கு அதில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரியும். ஜப்பானில் தலைப்பை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து அடுக்குவதில்லை, எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தே அடுக்குகிறார்கள். முதலில் ஒலியை உறுதி செய்யுங்கள். பக்கத்தைப் புரட்டுவது அதற்குப் பிறகு.

இந்தக் கட்டுரையில் ஜப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் தரும்போது ‘ச்சி’, ‘த்ஸு’, ‘ஃபு’ என்றிருப்பவை ஒவ்வொன்றும் ஜப்பானியத்தில் ஒற்றை எழுத்து. ஓர் எழுத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் காட்ட வேண்டிய இடங்களில் இடைக்கோடு போட்டிருக்கிறோம்.

வரிசை

பெயர் கொஜூஒன், ‘ஐம்பது ஒலி’. இன்று புழங்கும் அடிப்படை எழுத்துகள் 46.

தமிழ் உயிரெழுத்துகளிலிருந்து நெடில்களையும் ஐ, ஔ இரண்டையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது அ, இ, உ, எ, ஒ. ஜப்பானிய உயிர் வரிசை இதேதான், இதே ஒழுங்கில். மெய்கள் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகின்றன. நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு இடங்கள்தான் மாறியிருக்கும்: ச இருக்க வேண்டிய இடத்தில் ஸ, ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ. இது தற்செயல் இல்லை. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத மந்திரங்களைச் சித்தம் என்ற இந்திய எழுத்தில் கற்றபோது அந்த ஒலியடுக்கும் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹ வரிசையும் பழங்காலத்தில் ப என்றே ஒலித்தது. பிறகு ஃப ஆகி, ஹ ஆனது. ந-வுக்கும் ம-வுக்கும் நடுவில் ஹ எதற்கு என்று குழம்பும்போது அங்கே ஒரு ப-வை நினைத்துக்கொண்டால் போதும்.

அ இ உ எ ஒ
க கி கு கெ கொ
ஸ ஷி ஸு ஸெ ஸொ
த ச்சி த்ஸு தெ தொ
ந நி நு நெ நொ
ஹ ஹி ஃபு ஹெ ஹொ
ம மி மு மெ மொ
ய யு யொ
ர ரி ரு ரெ ரொ
வ, வொ
ன்

ஷி என்று கேட்டால் ஸ வரிசை. ச்சி, த்ஸு இரண்டும் த வரிசை. ஃபு ஹ வரிசை. இந்த நான்கையும் மனப்பாடமாக்குங்கள். ரோமன் எழுத்தில் பழகியவர்கள் இவற்றைத் தனி எழுத்துகளாக நினைத்துத் தேடி ஏமாறுவார்கள்.

வொ இன்று ஒ என்றே ஒலிக்கிறது. அது வேற்றுமை உருபாகத்தான் வரும், தலைப்பின் தொடக்கத்தில் வராது. ன் பகுதியும் ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். ஒகினாவா வட்டார மொழியில் ன் ஒலியில் தொடங்கும் சொற்கள் உண்டு.

ர பகுதி மெலிந்திருக்கும். அங்கே பக்கம் கிழிந்துவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டாம். தமிழில் ர, ல மொழிமுதலில் வாரா என்பதால் இராமன், உலோகம் என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்தோம் அல்லவா? பழைய ஜப்பானியச் சொற்களும் ர ஒலியில் தொடங்குவதில்லை. அந்தப் பகுதியில் இருப்பவை சீன வழி வந்த சொற்களும் மேற்கத்தியச் சொற்களும்தான்.

தோளில் இருக்கும் புள்ளியை முதலில் பார்க்காதீர்கள்

‘கடல்’, ‘அகல்’ இரண்டிலும் நாம் எழுதுவது ஒரே க, ஒலிப்பது வேறு. ஜப்பானியர் அந்த மெலிந்த ஒலிக்கு எழுத்தின் வலத்தோளில் இரண்டு சிறு கோடுகளைப் போடுகிறார்கள். ப என்ற வெடிப்பொலிக்குச் சிறு வட்டம். அடுக்கும்போது முதல் சுற்றில் இந்தக் குறிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ‘கங்கை’யில் இரண்டாவதாக வரும் க போன்ற ஒலி க வரிசைக்கும், ஜ ஒலிகள் பெரும்பாலும் ஸ வரிசைக்கும், ‘பந்து’வின் து போன்ற ஒலி த வரிசைக்கும், ப ஒலிகள் இரண்டும் ஹ வரிசைக்கும் போகும். இரண்டு தலைப்புகள் எல்லா எழுத்திலும் ஒத்துப்போனால் மட்டும் குறி பார்ப்பார்கள்: குறியில்லாதது முன்னால், கோடு போட்டது அடுத்து, வட்டம் போட்டது கடைசி.

ஹ பகுதியின் ஒரு துண்டைப் பாருங்கள்:

ஹ-ந
ஹ-ந-மி-ஜு-கி
ஹ-ம-பெ-நொ-உ-த
ப-ர-க-ஸ-இ-த
ஹ-ரு-க-கி-த
ஹ-ரு-நொ-ஒ-க-வ
ஹ-ரு-யொ-கொ-இ

‘ஹந’ (மலர்) தகி ரென்தரோ இசையமைத்து 1900இல் வெளிவந்தது. ‘ஹநமிஜுகி’ 2004இன் பாப் பாட்டு. முதல் இரண்டெழுத்தும் ஒன்று என்பதால், அங்கேயே முடிந்துவிடும் சிறிய தலைப்பு முன்னால் நிற்கிறது. நான்காவதாக இருக்கும் ‘பர க ஸஇத’ (ரோஜா பூத்தது, 1966) புதியவர்களைத் தடுமாற வைக்கும். தனியே ஒரு ப பகுதி இருக்குமென்று தேடுவார்கள். அப்படி ஒன்று கிடையாது. கோடுகளை எடுத்துவிட்டால் அது ஹ-ர. ஆகவே ஹ-ம-வுக்கும் ஹ-ரு-வுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த மூன்றும் ‘ஹரு’ (வசந்தம்) என்று தொடங்குவதால் மூன்றாம் எழுத்து முடிவு செய்கிறது: க, நொ, யொ.

‘ஹரு யொ கொஇ’ என்ற பெயரில் இரண்டு பாட்டுகள் உண்டு. ஒன்று 1923இன் குழந்தைப் பாட்டு. இன்னொன்று மத்ஸுதோயா யுமி 1994இல் பாடியது. அதன் தலைப்பின் நடுவே ஒரு காற்புள்ளி இருக்கும். காற்புள்ளி, நடுப்புள்ளி, அலைக்கோடு, இடைவெளி, வியப்புக்குறி எதுவும் வரிசையில் எண்ணப்படாது. அதனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஆண்டையோ பாடகரையோ பார்க்காமல் எடுத்தால் வேறு பாட்டு வந்து நிற்கும்.

சிறிய எழுத்துகளும் நீண்ட ஒலிகளும்

ய, யு, யொ மூன்றும் சிறிய உருவில் முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். த்ஸு சிறிய உருவில் வந்தால் அடுத்த மெய் இரட்டிக்கும். அடுக்கும்போது இவற்றைப் பெரிய எழுத்துகளாகவே எண்ணுங்கள். ‘கக்கோ’ (குயில்) என்ற பாட்டை ரோமனில் எழுதினால் அது ‘கதததகி’யையும் (தோள் தட்டல், 1923, க-த-த-த-கி) முந்திவிடும். ஜப்பானியப் பட்டியலில் அது க-த்ஸு-கொ-உ. த முன்னால், த்ஸு பின்னால். ஆகவே தோள் தட்டல் முதலில், குயில் பிறகு.

நீண்ட ஓ ஒலிக்கு இரண்டு எழுத்துமுறை இருப்பதுதான் அதிகம் சோதிக்கும். சீன வழிச் சொற்களில் அது ஏறக்குறைய எப்போதும் ஒ + உ. சில பழைய சொற்களில் ஒ + ஒ. டோக்கியோ நகரின் பெயர் தொ-உ-கி-யொ-உ. ‘தோர்யன்ஸெ’ என்ற தெருவிளையாட்டுப் பாட்டு தொ-ஒ-ரி-ய-ன்-ஸெ. காதுக்கு இரண்டும் ‘தோ’. பட்டியலில் தொ-உ முன்னால் வரும். அதற்குப் பின் தொ-ஒ. பெரிய என்று பொருள்படும் ‘ஓகி’, தொலைவு என்ற ‘தோஇ’, கடந்து போவது என்ற ‘தோரு’ மூன்றும் ஒ + ஒ வகை. இவற்றை நினைவில் வைத்தால் பாட்டுத் தலைப்புகளில் பாதிச் சிக்கல் தீரும். ‘பெரிய பழைய கடிகாரம்’ என்ற ‘ஓகிந ஃபுருதொகெஇ’ ஒ-ஒ-கி-ந என்றுதான் தொடங்குகிறது.

மேற்கத்தியச் சொற்களில் நீட்சிக்கு ஒரு கிடைக்கோடு போடுவார்கள். ஜப்பானியத் தரநிலையான ஜே.ஐ.எஸ். எக்ஸ் 4061 (1996) படி அதை முந்தைய உயிராகவே எண்ண வேண்டும்: ‘மாச்சி’ என்றால் ம-அ-ச்சி. சில பட்டியல்கள் கோட்டை விட்டுவிட்டு ம-ச்சி என்று அடுக்கும். ஒரு பட்டியலைத் திறந்ததும் நீட்சிக் கோடுள்ள தலைப்பு ஒன்றை எடுத்து அது எந்த முறை என்று பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

அதேபோல் வ என்று ஒலிக்கும் ஒட்டுச்சொல்லை ஹ என்றும், எ என்று ஒலிப்பதை ஹெ என்றும் எழுதுவார்கள். ‘வரெ வ உமி நொ கொ’ (நான் கடலின் பிள்ளை, 1910) என்ற தலைப்பில் முதல் வ உண்மையான வ. இரண்டாவது ஹ என்று எழுதப்படுவது. பாட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் எழுத்தைப் பின்பற்றி ஹ என்று எண்ணும். நூலகப் பதிவுகளில் ஒலியைப் பின்பற்றி வ என்று இருக்கும்.

கான்ஜி என்ன சொல்கிறது, பாட்டு என்ன சொல்கிறது

இந்தக் கட்டத்தில் நிதானமாக இருங்கள். கான்ஜி என்ற சீன எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிப்புகள், அதாவது படிக்கும் ஒலிகள், உண்டு. அகராதியில் முதலில் கிடைப்பது பாட்டின் படிப்பாக இருக்க வேண்டியதில்லை.

1914 பள்ளிப் பாடநூலில் வந்த ‘ஃபுருஸதொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் என்று பொருள். தலைப்பின் இரண்டு கான்ஜிகளையும் செய்தித்தாளில் கண்டால் ‘கொக்யோ’ என்று படிப்பார்கள். அப்படித் தேடினால் க வரிசையில் போய் நிற்பீர்கள். பாட்டோ ஹ வரிசையில் ஃபு-ரு என்ற இடத்தில் இருக்கிறது.

1911இன் ‘மொமிஜி’யும் அதே கதை. சிவந்த இலைகளைக் குறிக்கும் அந்த எழுத்துகளை ‘கோயோ’ என்றும் படிக்கலாம். பாட்டு ம வரிசையில்.

இன்னும் நுட்பமானது ‘கொஸுமொஸு’. யமகுச்சி மொமொஎ 1977இல் பாடியது. தலைப்பில் இருப்பது இலையுதிர்காலத்துக்கும் செர்ரி மலருக்கும் உரிய இரண்டு கான்ஜிகள். எழுத்தை நம்பிப் படித்தால் ‘அகிஜகுர’ என்று வரும். அந்த எழுத்துகள் குறிக்கும் காஸ்மோஸ் பூவின் மேற்கத்தியப் பெயரையே பாட்டின் பெயராக ஒலிக்கிறார்கள். எனவே அ பகுதி இல்லை, கொ பகுதி. அங்கே அது நிற்கும் இடம் இப்படி:

கொ-இ-நொ-பொ-ரி
கொ-உ-ஜி-யொ-உ-நொ-த்ஸு-கி
கொ-ஸு-மொ-ஸு
கொ-நொ-மி-ச்சி

இரண்டாவது ‘கோஜோ நொ த்ஸுகி’ (பாழ்கோட்டையின் நிலவு), 1901. இசை தகி ரென்தரோ. நான்காவது ‘இந்தப் பாதை’. கிதஹர ஹகுஷூ எழுதி யமத கோஸகு இசையமைத்தது. இ, உ, ஸு, நொ என்று இரண்டாம் எழுத்துகளை மட்டும் கீழ்நோக்கிப் படித்தால் வரிசை கண்ணுக்குத் தெரியும்.

என்கா என்ற பழைய பாணி வெகுசனப் பாட்டுகளில் கவிஞர்கள் எழுதுவது ஒன்று, பாடச் சொல்வது வேறொன்று. ‘பெண்’ என்ற கான்ஜியை எழுதி ‘ஹிதொ’ (ஆள்) என்று பாட வைப்பது சாதாரணம். ‘விண்வெளி’ என்று எழுதி ‘ஸொர’ (வானம்) என்பார்கள். நாளை என்ற எழுத்துக்கு ‘அஷித’, ‘அஸு’ இரண்டும் புழக்கத்தில் உண்டு. எப்போதும் பாட்டைத் தொகுத்தவர் போட்டிருக்கும் சிறு படிப்பெழுத்துகளை நம்புங்கள். கான்ஜியின் மேலோ பக்கத்திலோ பொடியாக அச்சாகியிருக்கும் அதன் பெயர் ஃபுரிகானா.

படிப்பை உறுதி செய்யச் செய்ய வேண்டியவை:

1. பாட்டை ஒருமுறை கேளுங்கள். தலைப்பு பெரும்பாலும் வரியில் எங்காவது வரும்.
2. இசைத்தட்டின் உறையிலோ வரித்தாளிலோ ஃபுரிகானா இருக்கிறதா பாருங்கள்.
3. இல்லையென்றால் ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தேடலில் தலைப்பை இடுங்கள். பதிவில் தலைப்பின் படிப்பு என்று தனி வரி கத்தகானாவில் (மேற்கத்தியச் சொற்களை எழுதப் பயன்படும் ஒலியெழுத்து) இருக்கும். அதே நூலகம் 1900 முதல் 1950 வரையிலான பழைய இசைத்தட்டுகளை எண்மமாக்கி வைத்திருக்கும் ‘ரெகிஒன்’ தொகுப்பும் போருக்கு முந்தைய பாட்டுகளுக்கு மிக உதவும்.
4. கடைசியாக, கிடைத்த படிப்பை ஹிரகானா என்ற வழக்கமான ஒலியெழுத்தில் எழுதி வையுங்கள். ரோமனில் எழுதி வைத்தால் ஒ-உ, ஒ-ஒ வேறுபாடு அப்போதே தொலைந்துவிடும்.

மரியாதைக்காக முன்னால் ஒட்டும் ‘ஒ’வையும் மறக்காதீர்கள். புத்தாண்டுப் பாட்டு ‘ஒஷோகத்ஸு’ (1901) ஷி பகுதியில் இல்லை, ஒ பகுதியில். அ வரிசை கனமாக இருப்பதற்கு இந்த ஒட்டும் ஒரு காரணம். நாட்டுப்பாடல்களில் ஊர்ப்பெயர் முன்னால் நிற்கும்: ‘ஸதொ ஒகெஸ’வை ஸ-வில் தேடுங்கள், ‘எஸஷி ஒஇவகெ’யை எ-வில்.

எண்ணும் ரோமன் எழுத்தும்

எண்ணில் தொடங்கும் தலைப்பை வாய்விட்டுப் படியுங்கள். ‘365 அடி நடைப்பாட்டு’ (1968) ஸன்-ப்யகு என்று தொடங்குவதால் ஸ பகுதி. ‘17 வயது’ (1971) ஜூ-நந என்று ஒலிப்பதால் ஷி பகுதி. ஜி-யின் தோள் கோடுகளை எடுத்தால் ஷி. ‘22 வயதில் பிரிவு’ (1975) நி பகுதி. 1921இன் ‘நநத்ஸு நொ கொ’வில் ஏழு என்ற எழுத்து ‘ஷிச்சி’ அல்ல, ‘நநத்ஸு’. எண்ணுக்கும் இரட்டைப் படிப்பு உண்டு.

ரோமன் எழுத்துத் தலைப்புகளைச் சில பட்டியல்கள் முன்னாலோ பின்னாலோ தனியாகக் கொட்டி வைக்கும். மற்றவை ஜப்பானிய ஒலிக்கு மாற்றி உள்ளே சேர்க்கும். உததா ஹிகருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ (1999) ஜப்பானிய ஒலியில் ஃபு-வும் சிறிய அ-வும் சேர்ந்து தொடங்குகிறது. ஆகவே ஃபு பகுதியின் தொடக்கத்திலேயே, ‘ஃபுருஸதொ’வுக்கு வெகு முன்னால் நிற்கும். இதே முறையில் ‘டி’ போன்ற ஒலி தெ பகுதிக்கும், ‘ஷெ’ ஷி பகுதிக்கும், ‘வெ’ உ பகுதிக்கும் போகும். வயலினின் முதல் ஒலியை உ-வின் தோளில் கோடு போட்டு எழுதினால் அதுவும் உ பகுதி. ப-வாக எழுதினால் ஹ பகுதி. ஒன்றில் இல்லையென்றால் மற்றதைப் பாருங்கள்.

எழுத்தைப் பார்த்து அடுக்கினால் என்ன குழப்பம் வரும் என்பதற்கு ‘ஸகுர’ ஒன்றே போதும். மொரியமா நஒதரோ 2003இல் ஹிரகானாவில் எழுதினார். கொபுகுரோ 2005இல் ஒற்றைக் கான்ஜியில். இகிமொநொககரி 2006இல் ரோமன் எழுத்தில். ஒலிப்படி அடுக்கினால் மூன்றும் ஸ-கு-ர என்ற ஒரே இடத்தில் கூடும். பழைய ‘ஸகுர ஸகுர’வும் உடனே பின்னால் வந்து சேரும். எழுத்துப்படி விட்டால் மூன்று மூலைக்குச் சிதறிவிடும்.

சொந்தப் பட்டியல் போடும்போது

விரிதாளில் தலைப்பு நிரலை அப்படியே வரிசைப்படுத்துவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. கான்ஜிகளுக்குக் கணினியில் இருக்கும் எண்கள் எழுத்தின் வடிவ உறுப்பையும் கோட்டு எண்ணிக்கையையும் ஒட்டியவை. ஒலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹிரகானா மட்டும் இருந்தாலும் முழுதாகச் சரிவராது: கணினி க-வையும் கோடு போட்ட க-வையும் வேறு வேறு எழுத்தாகப் பார்க்கும். ‘ககுஸெஇ ஜிதஇ’ (மாணவப் பருவம், 1964) கோடு போட்ட க-வில் தொடங்குகிறது. சரியான இடம் க-கு, அதாவது தோள் தட்டலுக்கு முன்னால். எண் வரிசையில் விட்டால் ‘கவ நொ நகரெ நொ யோ நி’யையும் (நதியின் ஓட்டம்போல, 1989) தாண்டிப் பின்னால் போய்விடும்.

நான்கு நிரல்கள் வையுங்கள்: மூலத் தலைப்பு, படிப்பு, அடுக்குத் திறவு (வரிசைப்படுத்த மட்டும் பயன்படும் வடிவம்), பாடகரும் ஆண்டும். படிப்பு முழுக்க ஹிரகானாவில் இருக்கட்டும். கத்தகானா கலந்தால் அவை ஹிரகானா எல்லாவற்றுக்கும் பின்னால் போய்விடும். பிறகு படிப்பை நகலெடுத்து அடுக்குத் திறவை இப்படி உருவாக்குங்கள்:

1. தோள் கோடு, வட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.
2. சிறிய எழுத்துகளைப் பெரியவையாக்குங்கள்.
3. நீட்சிக் கோட்டை முந்தைய உயிராக மாற்றுங்கள்.
4. இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் நீக்குங்கள்.
5. முதலில் அடுக்குத் திறவாலும், அது சமமானால் படிப்பாலும் வரிசைப்படுத்துங்கள்.

முதல் அடியில் கவனிக்க வேண்டியது ஜு ஒலி. அது ஸு-வின் தோளில் கோடு போட்டும் வரும், த்ஸு-வின் தோளில் கோடு போட்டும் வரும். ‘ஒபொரொஜுகியொ’ (மங்கிய நிலவிரவு, 1914) என்ற தலைப்பில் இருப்பது நிலவு என்ற ‘த்ஸுகி’. சொற்கள் சேரும்போது அது மெலிந்து ஜுகி ஆனது. அடுக்குத் திறவில் ஒ-ஹொ-ரொ-த்ஸு-கி-யொ என்று எழுத வேண்டும். கூட்டுச்சொல்லின் இரண்டாம் பகுதி தனியாக எப்படி ஒலிக்கும் என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். தட்டச்சில் த்ஸு-வின் கோட்டெழுத்து வேண்டுமென்றால் ரோமனில் டி, யு என்ற இரண்டையும் அழுத்துங்கள். இசட், யு அழுத்தினால் ஸு-வின் கோட்டெழுத்துதான் வரும்.

எக்செலில் தட்டச்சு செய்த கான்ஜியின் படிப்பை எடுத்துத் தரும் ‘ஃபொனெட்டிக்’ என்ற சூத்திரம் இருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்த ஒலியைத்தான் அது நினைவில் வைத்திருக்கும். ‘ஃபுருஸதொ’வைக் ‘கொக்யோ’ என்று தட்டி வரவழைத்திருந்தால் கொக்யோ என்றே தரும். வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டிய தலைப்புக்குப் படிப்பே இருக்காது. கான்ஜியையே திருப்பித் தரும். அதை நம்பிப் பட்டியலை முடித்துவிடாதீர்கள்.

பழைய புத்தகம் கையில் கிடைத்தால்

1946இல் கானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்துகளை எழுதும் முறை மாறியது. அதற்கு முந்தைய பட்டியல்கள் பழைய எழுத்தைப் பின்பற்றும். ‘ச்சோச்சோ’ (வண்ணத்துப்பூச்சி) 1881இல் முதல் பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் வந்தது. இன்று அது ச்சி-யொ-உ; அன்று தெ-ஹு-தெ-ஹு என்று எழுதி இதே ஒலியில் படித்தார்கள் (ஹு என்று காட்டியிருப்பது இன்றைய ஃபு எழுத்து). பழைய பட்டியலில் தெ பகுதியைப் பாருங்கள்.

இன்னும் பழையவற்றில் ‘இரொஹ’ வரிசை இருக்கலாம். அன்றைய 47 எழுத்துகளும் ஒருமுறை மட்டும் வருமாறு கட்டிய ஒரு செய்யுளின் வரிசை அது: இ, ரொ, ஹ, நி, ஹொ, ஹெ, தொ என்று போகும். அது இன்றும் ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது. சுரங்களின் பெயராக இ என்றால் ஏ, ரொ என்றால் பி, ஹ என்றால் சி, நி, ஹொ, ஹெ, தொ முறையே டி, இ, எஃப், ஜி. சுரத்தாளின் மேல் ‘தொ ச்சோச்சோ’ என்றிருந்தால் ஜி மேஜர் என்று பொருள். இந்தச் ச்சோச்சோ வண்ணத்துப்பூச்சி இல்லை.

கரோக்கே திரையில்

முன்பு தொலைபேசிப் புத்தகம்போல் தடித்த பட்டியல் மேசையில் கிடக்கும். இப்போது தொடுதிரை. டாம், ஜாய்சவுண்ட் என்ற வணிகப் பெயர்களில் வரும் இரண்டு வகைக் கருவிகளிலும் பாட்டின் பெயர், பாடகர் பெயர், பாட்டின் தொடக்க வரி என்று தனித்தனி வழிகள் உண்டு. விசைப்பலகை கொஜூஒன் அட்டவணையாகவே இருக்கும். அச்சு அட்டவணையில் அ வரிசை வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். சில திரைகள் இடமிருந்து தொடங்கும். முதலில் அ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். மற்றவை தாமாகப் பிடிபடும்.

மூன்று நான்கு எழுத்து தட்டியதும் நிறுத்துங்கள். முழுத் தலைப்பையும் தட்டினால் நீட்சியிலோ ஒட்டுச்சொல்லிலோ எங்காவது தவறி, ஒன்றும் கிடைக்காமல் போகும். ‘உஎ ஒ முஇதெ’யில் மூன்றாவது ஒலி வேற்றுமை உருபு. அதற்கு ஒ-வை அழுத்தக் கூடாது, வொ-வை அழுத்த வேண்டும். தலைப்பு நினைவில்லை, முதல் வரி மட்டும் தெரியும் என்றால் தொடக்க வரி வழியாகப் போங்கள். ‘ஃபுருஸதொ’வை ‘உஸகி ஒஇஷி’ என்ற தொடக்கத்தால் அறிந்தவர்கள் ஏராளம். அவர்கள் உ-வில் தொடங்கலாம். பாடகர் வரிசையில் குடும்பப் பெயர் முன்னால் வரும். மிஸொரா ஹிபரி மி-யில்.

பயிற்சிக்கு ஒரு பட்டியல்

ஜப்பானின் பண்பாட்டு விவகார முகமையும் பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பும் 2006-07இல் தேர்ந்தெடுத்த ‘நிஹொன் நொ உத ஹ்யகுஸென்’, அதாவது ‘ஜப்பானின் நூறு பாட்டுகள்’, பழகுவதற்கு நல்ல அளவு. பெயரில் நூறு, உள்ளே 101. தலைப்புகளைக் கலைத்துப் போட்டு, படிப்பெழுதி, நீங்களே அடுக்கிப் பாருங்கள். ‘அஒகெப தோதொஷி’ முதலில் வர வேண்டும்; அதன் பின் ‘அகஇ குத்ஸு’, ‘அகதொன்பொ’. அகதொன்பொவில் ‘ன்பொ’ காதுக்கு ‘ம்பொ’ என்று கேட்டாலும் எழுத்து ன்தான். ‘வரெ வ உமி நொ கொ’ கடைசியில் வர வேண்டும். அதற்கு முன்னால் ர வரிசையில் இரண்டே பாட்டுகள்: பயண ஏக்கத்தைப் பாடும் ‘ரியொஷூ’ (1907), போர் முடிந்த கையோடு வந்த ‘ரின்கொ நொ உத’ (ஆப்பிள் பாட்டு). இவற்றில் ஆப்பிள் முன்னால் வந்திருந்தால் ரோமன் பழக்கம் இன்னும் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ரி-க்குப் பின் ஒன்றில் யொ, மற்றதில் ன். ன் எப்போதும் எல்லாவற்றுக்கும் பின்னால்தான்.